எட்டு மாசக் குளிரும் ஒரு 'நீ'யும்

ஒருத்தரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு மாத்துறது எவ்வளவு பெரிய வேலைன்னு நமக்கெல்லாம் தெரியும். நான் முதல் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ரூமில் கூட இருந்த ஒருத்தர் என்னைவிட நாலு வயசு பெரியவர். ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தப்போ, "டேய், என்னை நீன்னே கூப்பிடுடா, நீங்க நீங்கன்னா தூரமா இருக்கு"ன்னார். சரின்னு தலையை ஆட்டினேன். மறுநாள் காலையில் பழையபடி "குளிச்சிட்டீங்களா?"தான். வாய் வரவே இல்லை.

இந்தச் சின்ன விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆர்க்டிக்கில் ஒரு குழிக்குள் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்த ரெண்டு நார்வேக்காரர்கள் ஞாபகம் வரும். ஒருத்தர் பேர் ஃபிரிட்யோஃப் நான்சென். இன்னொருத்தர் யால்மார் யோஹான்சென். முதல் பேரைப் பலருக்கும் தெரியும். ரெண்டாவது பேரைச் சொன்னால் பெரும்பாலும் "யாரு?"ம்பாங்க. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது ஆளுக்காகவும்தான்.

கப்பலை உறைய விட்ட ஆள்

1881-ல் 'ஜெனெட்' என்கிற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூணு வருஷம் கழிச்சு அதன் மிச்ச சொச்சங்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. எங்கே சைபீரியா, எங்கே கிரீன்லாந்து! நான்சென் யோசித்தார். பனியே நகர்ந்து அதைக் கொண்டு வந்திருக்கு என்றால், நசுங்காத ஒரு கப்பலைக் கட்டி, வேணும்னே பனியில் சிக்க வைத்தால் அது நம்மையும் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகுமே?

பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். கொலின் ஆர்ச்சர் என்கிற கப்பல் கட்டுநர், பனி இறுக்கினால் மேலே வழுக்கி எழும்பும்படி உருண்டையான அடிப்பாகத்தோடு 'ஃப்ராம்' என்ற கப்பலைக் கட்டிக் கொடுத்தார். 1893 ஜூன் 24-ம் தேதி கிளம்பினார்கள். மொத்தம் 13 பேர். செப்டம்பரில் கப்பல் நினைத்தபடியே உறைந்தது. நசுங்கவில்லை. காற்றாலை வைத்து மின்சார விளக்கு எரித்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் பிரச்சினை. சௌகரியம்! பனி எறும்பு மாதிரி நகர்ந்தது, சில சமயம் பின்னாடியும் போனது. நான்செனால் சும்மா உட்கார முடியவில்லை. வீட்டில் மனைவி ஏவா, நல்ல பாடகி. மகள் லிவ், அவர் கிளம்பும்போது ஆறு மாதக் குழந்தை. கப்பலில் உட்கார்ந்து அவர்களுக்காக ஏங்குகிறார், அதே மூச்சில் துருவத்துக்காகவும் ஏங்குகிறார். ரெண்டும் நடக்கிற வழியாக இல்லை. கடைசியில் கப்பல் துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், நடந்தே போய்விடுவது என்று முடிவெடுத்தார். கூட ஒரே ஒரு ஆள். அவர்தான் யோஹான்சென்.

யோஹான்சென் நல்ல ஜிம்னாஸ்ட், ராணுவத்தில் ரிசர்வ் லெப்டினென்ட். இந்தப் பயணத்தில் எப்படியாவது போகணும்னு ஆசை. வேற இடம் காலியில்லை. அதனால் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். ஆசைக்காக பதவியை விட்டுக்கொடுத்து கீழே இறங்கி வந்தவர். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நடை

1895 மார்ச் 14. மூணு சறுக்குவண்டி, ரெண்டு கயாக், 28 நாய்கள், ரெண்டு மனிதர்கள். கிளம்பிவிட்டால் கப்பலுக்குத் திரும்ப முடியாது, அது பனியோடு எங்கேயாவது நகர்ந்திருக்கும். ஏப்ரல் 8-ல் 86 டிகிரி 14 நிமிட அட்சரேகையைத் தொட்டார்கள். அதுவரை மனிதன் போகாத வடக்கு. துருவத்துக்கு இன்னும் நானூறு கி.மீ. சொச்சம். முன்னாடி பனி பாளம் பாளமாகக் கிடந்தது. நான்சென் திரும்பிவிட்டார்.

திரும்புகிற வழியில் ஒரு நாள் அசதியில் தூங்கி எழுந்து பார்த்தால் ரெண்டு பேருடைய கடிகாரமும் நின்றுபோயிருந்தது. சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். சரியான நேரம் தெரியாவிட்டால் தீர்க்கரேகை கணக்குப் போட முடியாது. அந்த நிமிடத்திலிருந்து அவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே நிச்சயமில்லை.

நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆகஸ்ட் ஆரம்பத்தில் ரெண்டே நாய்கள் மிச்சம். நான்செனுடையது கைஃபாஸ், யோஹான்செனுடையது சுக்கென். இனி கயாக்கில்தான் போகணும், நாய்களுக்கு இடமில்லை. தன் நாயைத் தானே சுட ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். இவர் நாயை அவர், அவர் நாயை இவர்.

அதே சமயத்தில் நடந்த இன்னொரு சம்பவம். பனிக்கரடி ஒன்று யோஹான்செனை அடித்து மல்லாக்கத் தள்ளிவிட்டது. அவர் அதன் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். நான்சென் துப்பாக்கியை எடுக்கத் தடுமாறுகிறார். அப்போது யோஹான்சென் நிதானமாக, சீக்கிரம் பார்த்தால் தேவலை, இல்லாவிட்டால் நேரம் கடந்துவிடும் என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதில் அவர் நான்செனைக் குறிக்க உபயோகித்த சொல், நார்வே மொழியின் மரியாதைப் பன்மை. அதாவது நம்ம 'நீங்க'. கரடி மூஞ்சிக்கு நேரா இருக்கு, மனுசன் மரியாதையை விடலை! :-)

நம்ம ஊரில் பெரியவர் சின்னவரை 'நீ' என்பார், சின்னவர் திருப்பி 'நீங்க' என்பார். அங்கே அப்படியில்லை. அந்தக் காலத்து நார்வேயில் நெருக்கமில்லாத ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் 'நீங்க' என்றுதான் சொல்லணும். 'நீ'க்கு மாறுவதென்றால், பெரியவர் முதலில் கேட்கணும். ரெண்டு வருஷம் ஒரே கப்பல், அஞ்சு மாசம் ஒரே கூடாரம். இன்னும் 'நீங்க'தான்.

குழி

ஆகஸ்ட் கடைசியில் ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவில் ஒதுங்கினார்கள். குளிர்காலம் வந்துவிட்டது, இனி நகர முடியாது. வால்ரஸின் தோள்பட்டை எலும்பை உடைந்த பனிச்சறுக்குக் கம்பில் கட்டி மண்வெட்டி செய்தார்கள். வால்ரஸ் தந்தம்தான் மண்கொத்தி. மூணு அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, சுற்றிக் கல் அடுக்கி, இடுக்கில் பாசியைத் திணித்து, கரையில் ஒதுங்கிய ஒரு மரத்துண்டை உத்தரமாகப் போட்டு, மேலே வால்ரஸ் தோல். புகைபோக்கி பனிக்கட்டியாலேயே கட்டியது. நீளம் பத்தடி, அகலம் ஆறடி. 1895 செப்டம்பர் 28-ம் தேதி 'கிரகப்பிரவேசம்'. அக்டோபர் நடுவில் சூரியன் கடைசியாகத் தலையைக் காட்டிவிட்டுப் போனது. திரும்பி வந்தது பிப்ரவரி கடைசியில்.

காலையில் கரடிக்கறி சூப். ராத்திரி கரடிக்கறி வறுவல். தினமும். வண்டியின் அடியில் இருந்த உலோகத் தகட்டை மடித்து விளக்கு செய்து, கட்டுத்துணியைத் திரியாகப் போட்டு, கொழுப்பை எரித்தார்கள். குளிர் தாங்காமல் ரெண்டு கம்பளியையும் சேர்த்துத் தைத்து ஒரே பையாக்கி அதற்குள் ரெண்டு பேரும். நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கப் பழகிக்கொண்டார்கள். யோஹான்சென் குறட்டை விடுவார், நான்சென் முதுகில் ஒரு உதை கொடுப்பார். அவர் கொஞ்சம் திரும்பிப் படுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கூரை மேல் நரிகள் ஓடும். வெளியே வைத்திருந்த நூலுண்டையையும் வெப்பமானியையும்கூட நரி தூக்கிக்கொண்டு போனது. (வெப்பமானியை வெச்சுக்கிட்டு நரி என்ன பண்ணுச்சோ!)

நான்சென் எழுத்துக்காரர். குளிர்காலம் பூரா எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த மாதங்களின் நாட்குறிப்பு பெரும்பாலும் காலி. காகிதத்தில் கைபட்டால் எண்ணெய்க்கறை. எழுதவும் ஒன்றுமில்லை, அதே நினைப்புகள் வருவதும் போவதும்தான். படிக்க இருந்தது கடலோடிகளின் பஞ்சாங்கமும் கணக்கு அட்டவணையும் மட்டும். அதில் இருந்த நார்வே ராஜகுடும்பத்து விவரம், நீரில் மூழ்கியவருக்குச் செய்யும் முதலுதவி எல்லாம் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அச்சடித்த எழுத்தைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்ததாம். செல்போனில் சார்ஜ் தீர்ந்த பஸ் பயணத்தில் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற நமக்கு இது லேசாகப் புரியும்.

என்ன கேட்டது?

நான் இந்தக் கதையில் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இதுதான். வேலை இல்லை, வெளிச்சம் இல்லை, புத்தகம் இல்லை, போக வழி இல்லை. வெளியே இருந்து வருகிற சத்தம் எல்லாம் அடங்கிவிட்டால், உள்ளே ஏங்கிக்கொண்டிருக்கிற குரல் மட்டும்தான் மிச்சம். உலகத்தின் உச்சியைத் தொடக் கிளம்பிய ரெண்டு பேருக்கு அந்தக் குரல் என்ன சொன்னது?

துருவம் இல்லை. சட்டை!

ஆமாம், துவைத்த சட்டை. அவர்கள் உடுப்பெல்லாம் கொழுப்பும் கரியும் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்தால் தோல் உரிந்து புண்ணாகும். கத்தியால் உள்ளாடையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுரண்டிய கொழுப்பை அடுப்பில் போட்டு எரித்தார்கள். படுத்துக்கொண்டே ஒரு பெரிய கடையைக் கற்பனை செய்வார்களாம். சுவர் முழுக்கப் புதுசாக, மெத்தென்று, சுத்தமான கம்பளி உடுப்புகள். எது வேண்டுமோ எடுத்துக்கலாம். அப்புறம் ஒரு சுடுநீர்க் குளியல். அப்புறம் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு. இதைப் பேசிப் பேசியே பொழுது போகும்.

கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார்கள். எப்படி? யோஹான்சென் சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டார். நான்சென் அதோடு நிறுத்தாமல் கால் கோப்பை வெந்நீரில் 'குளித்து'விட்டார், கழற்றிப் போட்ட உள்ளாடைதான் துண்டு. பத்திரமாக மிச்சம் வைத்திருந்த மீன்மாவிலும் சோளமாவிலும் ஒரு பதார்த்தம், கொழுப்பில் வறுத்த ரொட்டி. அன்றைக்கு நான்சென் மனசு முழுக்க வீட்டில்தான். ஏவா என்ன செய்துகொண்டிருப்பாள், குழந்தை எவ்வளவு வளர்ந்திருப்பாள். கூடவே ஒரு பயம். ஃப்ராம் நமக்கு முன்னால் ஊர் திரும்பிவிட்டால்? நாம் செத்துவிட்டோம் என்றல்லவா நினைப்பார்கள்!

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இருநூறு கி.மீ.க்கும் குறைவான தூரத்தில், அதே தீவுக்கூட்டத்தின் தெற்கே ஃப்ளோரா முனையில், ஃபிரடெரிக் ஜாக்சன் என்கிற ஆங்கிலேயர் 1894 முதல் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி, புத்தகம், சோப்பு எல்லாத்தோடும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத இவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

வருஷம் முடியப்போகிற நேரம். அந்த இருட்டில் நான்சென் யோஹான்செனிடம் கேட்டார்: இனிமேல் நாம் ஒருவரை ஒருவர் 'நீ' என்று சொல்லிக்கொள்ளலாமா?

அவ்வளவுதான் சம்பவம். எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இது 'சாதனை'யாக வராது. ஆனால் எனக்கு 86 டிகிரி 14 நிமிடத்தைவிட இதுதான் பெரிசாகத் தெரிகிறது. கரடி வாய்க்கு முன்னால் தாண்டாத ஒரு கோட்டை, ஒன்றுமே நடக்காத ஒரு குளிர்காலம் தாண்ட வைத்தது.

வெளிச்சம் வந்த பிறகு

1896 மே 19-ல் குழியை விட்டுக் கிளம்பினார்கள். ஜூன் 17 காலையில் நான்செனுக்கு நாய் குரைக்கிற சத்தம் கேட்டது. யோஹான்செனைச் சாமான்களுக்குக் காவலாக விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்த்தார். எதிரே ஜாக்சன். மழமழவென்று சவரம் செய்த முகம். அவரிடமிருந்து வந்த வாசனைச் சோப்பின் மணம்தான் நான்செனின் மூக்கில் ஏறியது. எட்டு மாதமாக ஏங்கியது ஒரு மனுஷன் உருவத்தில் கைகுலுக்க வந்து நிற்கிறது!

அந்தச் சந்திப்பைப் பிறகு நடித்துக்காட்டி எடுத்த புகைப்படம் ரொம்பப் பிரபலம். அதில் நான்சென் இருக்கிறார், ஜாக்சன் இருக்கிறார். கைகுலுக்குகிறார்கள். யோஹான்சென் இல்லை.

(எடை பார்த்தார்களாம். கப்பலை விட்டுக் கிளம்பியபோது இருந்ததைவிட நான்சென் 10 கிலோ கூடியிருந்தார், யோஹான்சென் 6 கிலோ. கரடிக்கறியின் மகிமை.)

ஆகஸ்ட் 13-ல் நார்வே மண். அதே நாள் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டது. செப்டம்பர் 9-ல் தலைநகரில் வரவேற்பு. நான்சென் உலகப் பிரபலம் ஆனார். பேராசிரியர், தூதர். 1921-ல் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான ஆணையர், 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு. நாடில்லாமல் போனவர்களுக்குக் கொடுத்த 'நான்சென் பாஸ்போர்ட்' அவர் பெயரில்தான். வீடு எங்கேயோ இருக்க, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் ஒரு குளிர்காலம் கிடந்தவர் பெயரில் அப்படி ஒரு காகிதம் இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கு.

யோஹான்சென்? ராணுவத்தில் கேப்டன் ஆனார். கல்யாணம், குழந்தைகள். ஆனால் ஊரில் அவரால் ஒட்ட முடியவில்லை. குடி பிடித்துக்கொண்டது. 1907-ல் வேலையை விட்டார். குடும்பமும் பிரிந்தது. பனிக்குப் போனால் சரியாகிவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, நான்சென் சொல்லி 1910-ல் அமுண்ட்செனின் தென்துருவப் பயணத்தில் இடம் கிடைத்தது. அதே ஃப்ராம் கப்பல்!

1911 செப்டம்பர் 8-ம் தேதி அமுண்ட்சென் அவசரப்பட்டுச் சீக்கிரமே கிளம்பினார். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. தாங்காமல் திரும்பி ஓடிவந்தபோது தலைவர் முன்னால் போய்விட்டார். பின்தங்கிப்போன பிரஸ்ட்ருட் என்பவரை யோஹான்சென்தான் ராத்திரியில் முகாமுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். மறுநாள் காலை எல்லார் முன்னாலும் தலைவரைக் கேள்வி கேட்டார். கேட்டது நியாயம். விலை பெரிசு. துருவக் குழுவிலிருந்து அவரை நீக்கி வேறு திசைக்கு அனுப்பினார் அமுண்ட்சென். பிறகு டாஸ்மேனியாவிலிருந்து தனியாக ஊருக்கு அனுப்பிவைத்தார். 1913 ஜனவரி மாதம், நடுக்குளிர்காலத்தில், யோஹான்சென் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 45 வயசு.

இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். குழிக்குள் நான்செனுக்குக் கேட்ட ஏக்கத்துக்கு ஒரு முகவரி இருந்தது: வீடு, ஏவா, லிவ். குளிர்காலம் முடிந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தார். யோஹான்சென் கரி அள்ளுகிற வேலைக்கு இறங்கியதே எதற்காகவோ, அது அந்தக் குழியிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு சம ஆள். ஒரே கம்பளி. ஒரு 'நீ'. வெளியே வந்ததும் அது புகைப்படத்துக்கு வெளியே போய்விட்டது. சிலருக்குக் குளிர்காலம் என்பது ஏங்குகிற இடம். சிலருக்கு அதுவே பின்னாடி ஏக்கமாகிவிடுகிறது.

அந்தக் குளிரில் அவருக்கு 28 வயசு. எனக்கும் இப்போ அதேதான். அதனால்தானோ என்னவோ, துருவத்தைத் தொட்டவர்களைவிட இவர் மேல் எனக்கு ஒட்டுதல் அதிகம்.

என் பழைய ரூம் நண்பருக்குப் போன வாரம் போன் பண்ணினேன், ரொம்ப நாள் கழிச்சு. "எப்படி இருக்கே?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சார்.

கொசுறு: அவர்கள் குழி தோண்டிய தீவுக்கு இன்றைக்கு ஜாக்சன் தீவு என்று பெயர். வைத்தது நான்சென்தான். 1898-ல் யோஹான்செனும் இந்தப் பயணத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். நான்சென் புத்தகத்தைப் படிக்கிறவர்கள், கிடைத்தால் அதையும் தேடிப் படியுங்கள். முதுகில் உதை வாங்கியவர் பக்கத்துக் கதையும் தெரியணும் இல்லையா?